தாய்லாந்து யானைக் காப்பகத்தில் தன்னார்வலராகப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர், "அப்படியே ஒரு வாரம் யானைகளோடு வேலை செய்துவிட்டு வரலாமா?" என்று கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் இந்த ஆசையை நம்பியே பிழைக்கிற இடங்களும் அங்கே நிறைய உண்டு. சரியான இடத்துக்குப் போனால் உங்கள் பணமும் உழைப்பும் ஒரு கிழட்டு யானையின் வயிற்றுக்குப் போய்ச் சேரும். தவறான இடத்துக்குப் போனால் அதே பணத்தில் இன்னொரு குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள். வடதாய்லாந்தில் சியாங் மாய் பக்கத்தில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

காலையிலிருந்து மாலைவரை அங்கே என்ன வேலை?

லத்தி அள்ளுவது, தீவனம் அறுப்பது, பழம் கழுவுவது. பெரும்பாலும் இவ்வளவுதான்.

வளர்ந்த ஆசிய யானை ஒன்று நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தின்னும். தின்றதில் பாதிகூடச் செரிக்காது, வந்த வழியே போய்விடும். ஆகவே காலைச் சிற்றுண்டி முடிந்ததும் மண்வாரியும் கூடையும் எடுத்துக்கொண்டு யானைகள் இரவு தங்கிய கொட்டகைக்குப் போக வேண்டும். லத்தியை நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். புல்லும் தட்டையும்தானே தின்கிறது, பெரிதாக நாற்றம் அடிக்காது. கனம்தான் இடுப்பை வாங்கும்.

இன்னொரு நாள் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு சோளக் கொல்லைக்குப் போவார்கள். கதிர் ஒடித்தபின் நிற்கும் தட்டையை அரிவாளால் அறுத்து, கட்டாகக் கட்டி, வண்டியில் ஏற்ற வேண்டும். தட்டையின் இலை கையைக் கிழித்துவிடும், முழுக்கைச் சட்டை கட்டாயம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடப் பாகன்கள் அவசரப்படுவார்கள். அவர்கள் நாலு கட்டு கட்டும் நேரத்தில் நமக்கு ஒன்று கட்டினாலே பெரிய விஷயம்.

எனக்குப் பிடித்தது யானைகளுக்கான சமையற்கட்டு. லாரியில் வந்து இறங்கும் தர்பூசணி, பூசணி, வாழைத்தார் எல்லாவற்றையும் பூச்சிமருந்து போகக் கழுவ வேண்டும். கிழட்டு யானைகளுக்குத் தனிச் சமையல். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறைதான் கடைவாய்ப்பல் முளைக்கும். அறுபது வயது வாக்கில் கடைசிப் பல்லும் தேய்ந்துவிட்டால் தட்டையை மெல்ல முடியாது. காட்டு யானையாக இருந்தால் அதோடு பட்டினிதான். இங்கே அந்தக் கிழங்களுக்கு வேகவைத்த அரிசி, தோல் உரித்த வாழைப்பழம், தோல் சீவிய பூசணி, கொஞ்சம் புளி எல்லாம் போட்டுப் பிசைந்து கவளம் உருட்டுகிறார்கள். நம் முதுமலையில் உள்ள தெப்பக்காடு யானை முகாமில் கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்துச் செய்யும் கவளத்தின் தாய்லாந்து வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கவளம் உருட்டிக் கொடுத்த ஒரு கிழவிக்கு ஒரு கண் தெரியாது. ஆசிய யானையின் தும்பிக்கை நுனியில் விரல்போல ஒரே ஒரு நீட்சி இருக்கும். கவளத்தை வாயில் போடுவதற்கு முன் அந்த நுனியால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள். உள்ளே சீவாத தோல் ஒரு துண்டு அகப்பட்டாலும் போதும், கவளத்தை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு அடுத்ததற்குத் தும்பிக்கையை நீட்டுவாள். கோபமெல்லாம் கிடையாது. அந்தத் துண்டை எடுத்துவிட்டு மறுபடி உருட்டிக் கொடுத்தால் சாப்பிட்டுவிடுவாள்.

யானையைத் தொடலாமா? குளிப்பாட்டலாமா?

நல்ல காப்பகங்களில் இது வேகமாகக் குறைந்துவருகிறது. சில இடங்களில் முற்றிலும் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் போகும் இடத்தில் "தள்ளி நின்று பாருங்கள்" என்று சொன்னால் ஏமாற்றம் அடையாதீர்கள். சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

காரணம் இருக்கிறது. முன்பின் தெரியாத மனிதர் இருபது பேர் சுற்றி நின்று தடவுவதை எந்த யானையும் விரும்பிச் சகித்துக்கொள்வதில்லை. அந்தப் பொறுமை பழக்கப்படுத்தப்பட்டது. பாரம்பரிய முறையில் அதற்கு ஃபஜான் என்று பெயர். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, திரும்பக்கூட இடமில்லாத மரச்சட்டத்துக்குள் கட்டி, பட்டினி போட்டு, அடித்து, மனிதன் சொன்னதைக் கேட்கும்வரை நாள்கணக்கில் நிறுத்திவைப்பார்கள். காப்பகத்துக்கு மீட்டுவரப்பட்ட யானைகளில் பெரும்பாலானவை இதைத் தாண்டி வந்தவை. அவற்றுக்கு இனிமேலாவது யாராலும் தொடப்படாமல் இருக்கும் உரிமை வேண்டும்.

குளியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யானைக்குக் குளிக்கத் தெரியும், நாம் தேய்த்துவிட வேண்டியதில்லை. சுற்றுலாக் குழுக்கள் வர வர ஒரே யானையைக் காலையிலும் மதியமும் மாலையிலும் ஆற்றில் இறக்கினால் அது குளியலே இல்லை, வேலை. ஆபத்தும் கூட. 2025 ஜனவரியில் தென் தாய்லாந்தில் ஒரு மையத்தில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு இளம்பெண் யானை தாக்கி இறந்துபோனார்.

நோயையும் மறக்க வேண்டாம். மனிதர்களைத் தாக்கும் காசநோய்க் கிருமி யானைக்கும் தொற்றும்.

தாய்லாந்தில் இத்தனை யானைகள் எப்படிச் சுற்றுலாவுக்குள் வந்தன?

1988 நவம்பரில் தென் தாய்லாந்தில் பெருவெள்ளமும் நிலச்சரிவும் வந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். மலைகளில் மரத்தை மொட்டையடித்ததுதான் காரணம் என்று நாடே கொதித்தது. 1989 ஜனவரியில் அரசு காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. காட்டுக்கு நல்ல முடிவு. ஆனால் தலைமுறை தலைமுறையாக மரம் இழுத்த யானைகளும் பாகன்களும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். யானைக்குத் தீனி போட வேறு வழியில்லாமல் சிலர் பாங்காக் தெருக்களில் கரும்பு விற்று, யானையைக் காட்டிப் பிழைத்தார்கள். சிலர் சட்டவிரோத மரக்கடத்தலுக்குப் போனார்கள். மற்றவர்கள் சவாரி முகாம்களுக்குப் போனார்கள். சுற்றுலாவில் மட்டும் சுமார் 2,800 யானைகள் இருந்ததாக 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

சட்டமும் உதவவில்லை. காட்டு யானைக்கு வனவிலங்குப் பாதுகாப்பு உண்டு. வளர்ப்பு யானையோ 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாடு, குதிரைபோல ஒரு வேலை விலங்கு, உரிமையாளரின் சொத்து.

இந்தச் சூழலில்தான் லெக் என்று எல்லோரும் அழைக்கும் செங்துவன் சைலர்ட் 1990-களில் யானைகளை மீட்கத் தொடங்கினார். அவருடைய எலிஃபண்ட் நேச்சர் பார்க், சியாங் மாய் நகரிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டர் அளவில், மே தேங் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 2024 அக்டோபரில் ஆறு பெருகி அந்தப் பள்ளத்தாக்கே மூழ்கியபோது நூறுக்கும் மேற்பட்ட யானைகளை மேட்டுக்கு ஏற்றினார்கள். இரண்டு யானைகளைக் காப்பாற்ற முடியவில்லை. அவற்றில் ஒன்று பார்வையற்றது.

இன்னொரு இடம் லம்பாங்கில் உள்ள யானை மருத்துவமனை. 1993-இல் தொடங்கப்பட்டது, உலகத்தின் முதல் யானை மருத்துவமனை என்பார்கள். 1999-இல் மியான்மர் எல்லையில் கண்ணிவெடியை மிதித்துக் காலை இழந்த மோத்தாலா என்ற யானைக்குப் பத்து வருடம் கழித்து அங்கேதான் செயற்கைக் கால் பொருத்தினார்கள்.

எது நல்ல காப்பகம், எது போலி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயரை வைத்து முடிவு செய்யவே கூடாது. நேற்றுவரை சவாரி விட்டவர்கள் இன்று நாற்காலியைக் கழற்றி வைத்துவிட்டு "காப்பகம்", "மறுவாழ்வு", "அறநெறி" என்று எந்தச் சொல்லை வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம்.

சவாரி, ஓவியம் வரைதல், கால்பந்து, தும்பிக்கையால் மாலை போடுதல் இருந்தால் அந்த இடத்தை உடனே விட்டுவிடலாம். யானையின் முதுகெலும்பில் மேல்நோக்கி நிற்கும் எலும்பு முனைகள் உண்டு, அதன்மேல் இரும்பு நாற்காலியும் இரண்டு பேரும் நாள் முழுக்க உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று வயதான சவாரி யானைகளின் வளைந்த முதுகைப் பார்த்தால் தெரியும்.

அதற்கு மேல், நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். நான் முதலில் கேட்பது குட்டிகளைப் பற்றி. உங்களிடம் குட்டிகள் இருக்கின்றனவா, எப்படி வந்தன? மீட்பு இடம் என்று சொல்லிக்கொண்டு வருடத்துக்கு ஒரு குட்டி பிறக்கிறது என்றால் அங்கே நடப்பது இனப்பெருக்கம். சங்கிலியிலிருந்து மீட்கிறோம் என்பவர்கள், சங்கிலியோடு வாழப்போகும் இன்னொரு யானையை ஏன் உருவாக்க வேண்டும்? அப்புறம், இரவில் யானைகள் எங்கே இருக்கும், கால்நடை மருத்துவர் அங்கேயே இருக்கிறாரா, ஒரு நாளில் எத்தனை பார்வையாளர்கள் வருவார்கள், யானைக்குப் பிடிக்கவில்லை என்றால் அது விலகிப்போக இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் நீளமாகப் பதில் எழுதுவார்கள். தெரியாததைத் தெரியாது என்றும், சில யானைகளை இரவில் கட்டத்தான் வேண்டியிருக்கிறது என்றும் ஒளிக்காமல் சொல்வார்கள். மற்றவர்கள் விலைப்பட்டியல் அனுப்புவார்கள்.

உலக அளவில் விலங்குக் காப்பகங்களின் கூட்டமைப்பு ஒன்று 2007 முதல் காப்பகங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிறது. வணிக நோக்கில் இனப்பெருக்கம், விற்பனை, பொதுமக்கள் தொட்டு விளையாடுவது ஆகியவற்றை அது ஏற்பதில்லை. சான்று இல்லாத நல்ல இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மீட்ட யானைகளைக் காட்டிலேயே விட்டுவிடலாமே?

எனக்கும் அதுதான் ஆசை. தாய்லாந்தில் 2002-இல் அரச குடும்பத்தின் ஆதரவோடு தொடங்கிய ஓர் அறக்கட்டளை நூறுக்கும் மேற்பட்ட யானைகளைக் காடுகளில் விட்டிருக்கிறது. ஆனால் எல்லா யானைக்கும் அது முடியாது. கண் போனது, கால் உடைந்தது, நாற்பது வருடம் மனிதர் கையால் சாப்பிட்டது, இவையெல்லாம் காட்டில் பிழைக்காது. மனித பயம் இல்லாத யானை அடுத்த ஊர் வயலில்தான் போய் நிற்கும். கோவை, கூடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலையும் செய்து, பணமும் கட்ட வேண்டுமா?

ஆமாம். நம் ஆட்களுக்கு இதுதான் தொண்டையில் சிக்கும். ஒரு வாரத்துக்குத் தாய்லாந்துப் பணத்தில் பத்தாயிரம் பாட் (baht) தாண்டும். தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, நகரத்திலிருந்து கூட்டிப்போய்த் திரும்ப விடுவது பெரும்பாலும் அதில் அடங்கும். இப்போதைய தொகையைக் காப்பகத்தின் சொந்த இணையதளத்திலேயே பாருங்கள்.

வெளிப்படையாகச் சொன்னால், நாம் அள்ளும் லத்தியைவிட நாம் கட்டும் பணம்தான் அவர்களுக்குப் பெரிய உதவி. தினமும் லாரி லாரியாகப் பழம், தட்டை, மருந்து, பாகன் சம்பளம், நிலக் குத்தகை எல்லாம் இருக்கின்றன. ஒரு யானையை விலைக்கு வாங்கி மீட்பதென்றால் பத்து லட்சம் பாட் தாண்டிவிடும். 2020-இல் கொரோனா வந்து பயணிகள் நின்றபோது முகாம்கள் வரிசையாக மூடப்பட்டு, தீனி வாங்க முடியாமல் பாகன்கள் யானைகளோடு சொந்தக் கிராமங்களுக்கு நடந்தே போனார்கள்.

இடைத்தரகர் நிறுவனங்கள் மூலம் போகாதீர்கள். அதே காப்பகத்துக்கு இரண்டு மடங்கு தொகை வாங்கிக்கொண்டு, அதில் யானைக்கு எவ்வளவு போகிறது என்று சொல்லாதவர்கள் உண்டு.

ஒரு வாரத்தில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்? உள்ளூர்க்காரர் வேலையைக் கெடுக்கிறோமா?

நியாயமான கேள்வி. குட்டி விலங்குகளுக்குப் பால் ஊட்டுவது, சிகிச்சை போன்ற பொறுப்பான வேலைகளை வாராவாரம் மாறும் ஆட்களிடம் கொடுக்கும் இடத்தை நான் சந்தேகப்படுவேன். தாயில்லாக் குட்டிக்கு ஒரே முகம் தினமும் வேண்டும். நம்மை லத்திக்கும் புல்லுக்கும் அனுப்பி, யானையைப் பாகனிடமும் மருத்துவரிடமும் விட்டுவைக்கும் இடம்தான் சரி. சுற்றுவட்டாரக் கிராமத்தாரிடம் பழமும் தட்டையும் வாங்குகிறார்களா, சமையலுக்கும் காவலுக்கும் அவர்களை அமர்த்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு மாதம் தங்க முடிந்தால் நிச்சயம் அதிகப் பயன் தருவீர்கள்.

பாகன்களிடம் எப்படிப் பழகுவது?

மரியாதையாக. அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனது கஷ்டமாக இருக்கும். வடக்கில் பாகன்களில் பலர் கரென், ஷான் இனத்தவர்கள், மியான்மரிலிருந்து பிழைக்க வந்தவர்களும் உண்டு. கரென் மக்களுக்கு யானை வளர்ப்பு பரம்பரைத் தொழில். அங்குசம் இல்லாமல், வாழைப்பழத்தையும் குரலையும் மட்டும் வைத்து யானையைக் கூப்பிடக் கற்றுக்கொண்ட பாகனிடம் நாம் தெரிந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது. வயதில் பெரியவரை "பீ" என்று சேர்த்து அழைத்தால் போதும், நம் அண்ணன், அக்கா மாதிரி. இரண்டு கையையும் கூப்பி வணங்குவது நமக்குப் புதிதில்லை.

தலையைத் தொடுவது, காலை நீட்டி யாரையாவது சுட்டுவது அங்கே அவமரியாதை. மாலையில் பாகன் ஓய்வெடுக்கும் நேரத்தில் "யானையைக் கூப்பிடுங்கள், ஒரு படம்" என்று நச்சரிக்காதீர்கள்.

விசா?

தாய்லாந்தில் சம்பளம் வாங்காமல் செய்வதும் சட்டப்படி வேலையாகக் கருதப்படலாம். ஆகவே "சுற்றுலா அனுமதியில் வந்து உங்களிடம் தன்னார்வப் பணி செய்யலாமா, வேறு விசாவோ பணி அனுமதியோ வேண்டுமா?" என்று காப்பகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பல வாரம் தங்குவதாக இருந்தால் தாய்லாந்துத் தூதரகத்திலும் கேட்டுவிடுங்கள். இந்தியர்களுக்கான விசா விலக்கும் அதன் நாள்கணக்கும் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடுவதற்கு முன் பாருங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி.

என்னென்ன தடுப்பூசி?

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். யானைக் காப்பகம் என்றாலும் மீட்டுவந்த நாய்களும் பூனைகளும் நூற்றுக்கணக்கில் இருக்கும், குரங்குகளும் வரும். ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வார இடைவெளியில் இரண்டு முன்தடுப்பு ஊசி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைப் போட்டிருந்தாலும் கடித்தால் உடனே சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, மருத்துவரிடம் போய் மறுபடி ஊசி போட வேண்டும். ஆனால் அவசரத்தில் கிடைக்காத, விலை அதிகமான இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி தேவைப்படாது. மலைக் கிராமத்தில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

டெட்டனஸ், ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு ஊசிகளையும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியையும் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், வயலில் வேலை செய்யும்போதே களிம்பு தடவிக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது விலங்குகளோடு வேலை செய்வதை அது ஏற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரிவரை. இரவில் ஸ்வெட்டர் வேண்டும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை வயல்களையும் காட்டையும் எரிக்கும் காலம், சியாங் மாய் முழுக்கப் புகை மூடியிருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் போகவே வேண்டாம். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், நம் சித்திரைப் பிறப்பு சமயத்தில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள், பேருந்தில் இடம் கிடைக்காது. மழைக்காலத்தில் சேறும் அட்டையும் இருக்கும், ஆனால் அப்போதுதான் ஆட்கள் குறைந்து காப்பகங்களுக்குக் கை தேவைப்படும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் இருந்தால் நான் மழைக்காலத்தையே சொல்வேன்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

காப்பகங்களுக்குள் கவலையில்லை, எலிஃபண்ட் நேச்சர் பார்க் போன்ற இடங்களில் சைவம் மட்டும்தான். வெளியே வந்தால் கவனம். காய்கறிச் சாப்பாடு என்று கொடுப்பதிலும் "நாம் பிளா" என்ற மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். "ஜே" என்று சொல்லுங்கள், அசைவம் எதுவும் சேராத சாப்பாட்டுக்கு அங்கே அதுதான் பெயர். மஞ்சள் கொடியில் சிவப்பில் அந்தச் சொல்லை எழுதிய கடைகளைப் பார்த்தால் நம்பி உட்காரலாம். பூண்டும் வெங்காயமும்கூட அதில் இருக்காது. ஊறுகாய் பாட்டில் ஒன்று பையில் இருந்தால் இரண்டாம் வாரத்தில் கைகொடுக்கும்.

யானை தவிர வேறு விலங்குகளோடு வேலை செய்ய முடியுமா?

முடியும். பெத்சபுரி மாகாணத்தில் வைல்ட்லைஃப் ஃபிரெண்ட்ஸ் ஃபவுண்டேஷன் 2001 முதல் இயங்குகிறது. கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கு, கரடி, மற்ற குரங்குகள், யானை எல்லாம் உண்டு. கூண்டு கழுவுவதும் பழம் நறுக்குவதும்தான் அதிக வேலை. ஃபூக்கெட்டில் சோய் டாக் அமைப்பு தெருநாய்களுக்குக் கருத்தடை, சிகிச்சை, தத்து என்று செய்கிறது. நாய்களை நடத்திக் கூட்டிப்போகவும், பயந்து ஒடுங்கிய நாய்கள் மனிதரிடம் பழகவும் ஆள் தேவை. இங்கே தொடலாம், தொடவும் வேண்டும், ஏனென்றால் அந்த நாய்கள் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியவை. மலேசியாவின் சபாவில், செப்பிலோக்கில், 2008-இல் வோங் சியூ தே தொடங்கிய சூரியக் கரடி மையமும் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே 1964 முதல் இயங்கும் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம். மனிதக் குரங்குகள் இருக்கும் இடங்களுக்குப் போவதானால் காசநோய்ப் பரிசோதனை போன்றவற்றைக் கேட்பார்கள். நம் சளி அவற்றுக்கு உயிரையே வாங்கக்கூடியது.

புலி, சிங்கக் குட்டிகளுக்குப் பால்புட்டி கொடுக்கலாம் என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். காஞ்சனபுரியில் புலிக்கோயில் என்று ஓர் இடம் இருந்தது. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் பல வருடம் புண்ணியம் என்று நம்பி அங்கே குட்டிகளை வளர்த்தார்கள். 2016-இல் அதிகாரிகள் நுழைந்து 137 புலிகளை மீட்டபோது உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. மீட்டுக் கொண்டுபோன புலிகளிலும் பாதிக்கு மேல் 2019-க்குள் நோயில் இறந்துவிட்டன. தென்னாப்பிரிக்காவில் சிங்கக் குட்டிகளைப் பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து எடுத்து, "அநாதைக் குட்டி" என்று தன்னார்வலர்களிடம் கொடுத்து வளர்க்கச் சொல்லும் பண்ணைகள் உண்டு. தாயிடமிருந்து எடுத்தால் அது சீக்கிரம் மறுபடி சினைப்படும், அதுதான் கணக்கு. வளர்ந்த சிங்கம் வேலி போட்ட இடத்தில் வேட்டைக்காரருக்கும், எலும்பு வியாபாரத்துக்கும் போகும். புட்டியில் பால் கொடுத்த தன்னார்வலருக்கு இது தெரியவே வராது.

இலங்கைக்குப் போகிறோம். பின்னவல போகலாமா?

பின்னவல 1975-இல் அநாதை யானைக் குட்டிகளுக்காகத் தொடங்கப்பட்டது. பிறகு அங்கேயே குட்டிகள் பிறந்து, பெரிய கூட்டமாகி, காட்சி இடமாகிவிட்டது. நான் உடவளவ யானைக் குட்டிகள் மையத்தைச் சொல்வேன். வனவிலங்குத் துறை 1995-இல் ஏற்படுத்தியது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டிகள் ஓடிவந்து பால் குடித்துவிட்டுத் திரும்பக் காட்டுப் பக்கம் போய்விடும். மக்கள் தள்ளி இருக்கும் மேடையிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். வளர்ந்ததும் தேசியப் பூங்காவில் விட்டுவிடுகிறார்கள், இப்படி நூறுக்கு மேல் போயிருக்கின்றன. தன்னார்வலர்களுக்கு அங்கே பெரிய இடமில்லை. டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு வருவதே உதவிதான்.

படங்கள் எடுத்துப் போடலாமா?

யானை தின்பதையும் நீங்கள் லத்தி அள்ளுவதையும் தாராளமாகப் போடுங்கள். கட்டிப்பிடித்த படம் வேண்டாம். நீங்கள் எந்த இடத்தில், எந்தச் சூழலில் எடுத்தீர்கள் என்று படத்தைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. அவர் அதே மாதிரிப் படம் எடுக்கப் பக்கத்துச் சவாரி முகாமுக்குப் போவார். குரங்கினங்களுக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2021-இல் வழிகாட்டியே வெளியிட்டது: படத்தில் மனிதர் இருந்தால் முகக்கவசம் போட்டு, ஏழு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும்.

வெளிநாடு போக இப்போது வசதியில்லை. வேறு வழி?

மதுரா பக்கம் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் நடத்தும் யானைப் பராமரிப்பு மையம் 2010 முதல் இருக்கிறது. சர்க்கஸிலிருந்தும் தெருப் பிச்சையிலிருந்தும் மீட்ட யானைகள் அங்கே இருக்கின்றன. 2018-இல் யானைகளுக்கென்றே மருத்துவமனையும் திறந்தார்கள். தன்னார்வலர்களை எடுக்கிறார்கள், வேலை அதே லத்தியும் கவளமும்தான். சென்னையில் இருப்பவர்கள் கிண்டி ப்ளூ கிராஸில் விசாரிக்கலாம். தாய்லாந்து போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்கும் இதைச் சொல்வேன்: சில ஞாயிற்றுக்கிழமைகள் நாய்க் கூண்டு கழுவிப் பாருங்கள். நாற்றமும் வெயிலும் ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும், அதற்குப் பிறகு டிக்கெட் போடலாம்.